வந்த வியாதியும் வந்த மருந்தும்

அமுக்கராச் சூரணம் செய்யும் முறையை என் தகப்பனார் எனக்கு ஒரு கணக்குப் பாடமாகவே போதித்தார். கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கராக் கிழங்கு 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் முன்னதை இரட்டித்துக்கொண்டே போகும் அந்த வரிசையை, பத்து வயதுப் பிள்ளையாகத் திண்ணையில் உட்கார்ந்து, உரலில் உலக்கை விழும் தாளத்துக்கு ஏற்ப நான் ஒப்பித்துக்கொண்டிருக்கையில், "எந்தச் சரக்கை எடுத்தாலும் அதற்கு முன்னால் வந்தவற்றையெல்லாம் கூட்டினால் வருவதைவிட ஒரு பங்கு கூடத்தான் இருக்கும், கூட்டிப் பாரடா" என்பார். நானும் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்து ஆச்சரியப்படுவேன். கிழங்கை வாங்கியபடியே இடித்துவிடலாகாது. பானையில் பாதிக்குப் பாலும் நீரும் ஊற்றி, வாயைத் துணியால் வேடுகட்டி, பொடித்த கிழங்கை அந்தத் துணியின்மேல் பரப்பி, பிட்டு அவிப்பதுபோல ஆவியில் அவித்து, உலர்த்தி, மீண்டும் இடித்துச் சலிக்க வேண்டும். அப்பொழுதுதான் பச்சைக் கிழங்கில் வீசும் அந்தக் குதிரைக் கொட்டிலின் வாடை நீங்கி, குழந்தையும் பாலில் கலந்து குடிக்கத்தக்க ஔஷதமாக அது மாறும். இளைத்த சரீரம் தேறுவதற்கு இதற்கு நிகரான சூரணம் வேறில்லை என்பது எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருந்துவந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் இன்றும் விட்டுவிடவில்லை. ஆனால் தேறுதல் என்பது வேறு, நோய் அடங்குதல் என்பது வேறு என்று அறிந்துகொள்வதற்கு எனக்கு ஏறக்குறையப் பத்து வருஷங்களும், என்னை நம்பி வந்த ஒரு மனிதனின் ஜீவனும் செலவாயின. அந்தக் கதையை மறைக்காமல் எழுதிவைப்பது கடமை என்று தோன்றுகிறது.

பாளையங்கோட்டை அரசினர் சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றுத் திரும்பிய பிறகு, நாமக்கல்லுக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டித் தகப்பனார் நடத்தி வந்த வைத்தியசாலையிலேயே நானும் அமர்ந்தேன். முன்னறையில் ஒரு மேஜை, மருந்துப் பீரோ, நோயாளிகளுக்கு ஒரு நீண்ட பெஞ்சு, மூலையில் எடை பார்க்கும் இயந்திரம், நோயாளியின் பெயருக்கு எதிரே தேதியும் எடையும் குறித்து வைக்கும் நீளவாட்டு நோட்டுப் புத்தகம் ஆகியவையே எங்கள் ஆஸ்தி. எங்கள் ஊர்ப்பக்கம் லாரித் தொழிலால் வாழும் பிரதேசம். வீட்டுக்கு ஒருவர் டிரைவராகவோ கிளீனராகவோ, ரிக் வண்டியில் போர் போடப் போனவராகவோ இருப்பார். விஜயவாடாவுக்கும் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் லோடு ஏற்றிக்கொண்டு போனவர்கள் இருபது நாள், முப்பது நாள் கழித்து வீடு திரும்புவார்கள்.

1986ஆம் வருஷத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும், பாலியல் தொழிலில் அகப்பட்டிருந்த பெண்களின் இரத்தத்தைச் சேகரித்து வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்தபோது, இந்தியாவிலும் எச்.ஐ.வி. வந்துவிட்டது என்பது முதன்முதலாக ருசுவாயிற்று. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது, பட்டணத்தில் எங்கோ சிலருக்கு நேர்ந்த துர்ப்பாக்கியம் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டியவர்களில் நானும் ஒருவன். என் வாசலில் நாள்தோறும் வந்து நின்ற லாரிகளுக்கும் அந்தச் செய்திக்கும் உள்ள சம்பந்தம் அன்று எனக்குப் புலப்படவில்லை.

1995ஆம் வருஷம் மாசி மாதத்தில் முப்பத்து நான்கு வயதுள்ள டிரைவர் ஒருவர் என்னிடம் வந்தார். சட்டையைக் கழற்றச் சொன்னேன். இடப்பக்க விலாவில், முதுகெலும்பிலிருந்து மார்புவரை ஒரு பட்டையாகச் செங்காவி பூசி, அதன்மேல் சிங்கத்தின் உருவம் எழுதியிருந்தது. குயவர் வீட்டில் அக்கி எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். காவி உலர்ந்து வெடித்திருந்த கீற்றுகளுக்கிடையே கொப்புளங்கள் கருத்து ஆழ்ந்து கிடந்தன. அக்கி கிழவர்களுக்கு வருவதுண்டு. திடகாத்திரமாக ஸ்டீயரிங் பிடிக்கும் வாலிபனுக்கு இவ்வளவு உக்கிரமாக வருவானேன் என்ற சந்தேகம் முதலில் எழுந்தது. எண்வகைத் தேர்வில் நாவைப் பார்ப்பது ஒன்று. நாக்கை நீட்டச் சொன்னபோது, அதன்மேல் தயிர் படிந்ததுபோன்ற வெண்படலம் அண்ணம்வரை சென்றிருந்தது. விரலில் துணி சுற்றித் துடைத்தேன். படலம் உரிந்து கீழே சிவந்து கசிந்தது. இரண்டு மாதமாகக் கழிச்சல், ராத்திரி வியர்வை, எடை 46 கிலோ. "போன ஆடியில எம்பத்தஞ்சுக் கிலோ மூட்டைய ஒத்தையாத் தூக்குவனுங்ணா" என்று அவர் சொன்னபோது குரல் கம்மியிருந்தது.

இரத்தம் சோதிக்க ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். முடிவைச் சொன்னவர்கள் அதைத் தாழ்ந்த குரலில்கூடச் சொல்லவில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி பெயரோடு கூவிச் சொல்லி, கட்டிலிலிருந்து இறங்கிவிடும்படி பணித்தார்களாம். காகிதத்தை நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அன்று சாயங்காலம் என் வாசற்படியில் வந்து உட்கார்ந்தவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நீங்களும் என்னத் தொடமாட்டீங்களாங்ணா?" என்று கேட்டார். நான் அருகில் அமர்ந்து கையைப் பிடித்து நாடி பார்த்தேன். நாடியில் நான் புதிதாக அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் கையை யாராவது பிடிக்க வேண்டியிருந்தது.

அந்நாட்களில் எங்கள் துறையினரிடையே ஒரு வாதம் பலமாக நடந்துகொண்டிருந்தது. நோய்கள் 4448 என்று முன்னோர் வகுத்துவிட்டபடியால், எய்ட்ஸும் அவற்றுள் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றும், மேகம், வெட்டை என்று நூல்கள் வருணிப்பது இதையே என்றும் சிலர் சாதித்தார்கள். நானும் ஏடுகளைப் புரட்டினேன். உடல் உருகுதல், வாய் புண்ணாதல், கழிச்சல் என்ற குறிகள் பொருந்துவதைக் கண்டு மகிழ்ந்தேன். ஆனால் உருகும் உடலெல்லாம் ஒரே காரணத்தால் உருகுவதில்லை. உண்மையில் இந்த வாதத்துக்கு விடை எங்கள் பீரோவிலேயே இருந்தது. அதை நான் காணத் தவறினேன்.

பறங்கிப்பட்டை என்று ஒரு சரக்கு. மரத்துப்போன கிழங்கு, வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக மாவு பூத்திருக்கும். பாலில் அவித்துச் சூரணித்து மேகப்புண்ணுக்குக் கொடுக்காத சித்த வைத்தியர் கிடையாது. இதன் பெயரே இது நம் மண்ணின் சரக்கு அன்று என்பதைச் சொல்லிவிடுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரின் கப்பல்கள் வந்த காலத்தில் மேகக் கிரந்திப் புண்ணாகிய ஒரு புதிய வியாதி இந்நாட்டுத் துறைமுகங்களில் இறங்கியது. ஜனங்கள் அதைப் பறங்கிப் புண் என்றார்கள். வடமொழி வைத்திய நூலாசிரியர் பாவமிசிரர் அதை பிரங்க ரோகம் என்றே எழுதினார். அந்த வியாதிக்கு மருந்தாகச் சீன தேசத்துக் கிழங்கு ஒன்று அதே கப்பல்வழிகளில் வந்தது; கோவாவில் வாழ்ந்த கார்சியா த ஓர்த்தா என்ற வைத்தியர் 1563இல் அச்சிட்ட தம் நூலில் அதைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார். நம் முன்னோர், 'இந்த நோய் எங்கள் ஏட்டில் முன்பே இருக்கிறது' என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. 'அந்நியனின் கிழங்கைத் தொடமாட்டோம்' என்றும் சொல்லவில்லை. வந்த வியாதிக்கு வந்த பெயரையே இட்டு, வந்த மருந்தை வாங்கிப் பாலில் அவித்துச் சுத்தி செய்து தமதாக்கிக்கொண்டார்கள். பரம்பரை வைத்தியம் என்பதற்கு இதைவிடச் சிறந்த லட்சணம் எனக்குத் தெரியாது. ஆனால் இது எனக்குத் தெளிவாவதற்கு இன்னும் ஒன்பது வருஷங்கள் இருந்தன.

1997இல் தாம்பரம் சானடோரியம் சென்று பார்த்தேன். டாக்டர் சவுரிமுத்து 1928இல் க்ஷயரோகிகளுக்காக ஏற்படுத்திய அந்த ஆரோக்கிய சாலை, பிற்பாடு அரசாங்கத்தின் கைக்கு வந்து நெஞ்சக நோய் மருத்துவமனையாகி, எச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் கதவை அடைக்காத ஓர் இடமாகத் திகழ்ந்துகொண்டிருந்தது. ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும்கூட வந்து மரத்தடியில் படுத்திருந்தவர்களைக் கண்டேன். அங்கே டாக்டர் சி.என். தெய்வநாயகம், தாம் ஆங்கில வைத்தியத்தில் தேர்ந்தவராக இருந்தும், சித்த மருந்துகளை இந்நோயில் பிரயோகித்துப் பார்க்கும் தைரியம் கொண்டிருந்தார். ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் என்ற மூன்றும் சேர்ந்ததே அந்தச் சிகிச்சை. மேனாட்டிலே 1996 முதல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை வந்து மரணங்களைத் தடுக்கத் தொடங்கியிருந்தது உண்மைதான். ஆனால் அதற்கு வருஷத்துக்குப் பதினாயிரம் டாலருக்குமேல் ஆகும். மரத்தடியில் படுத்திருந்தவர்களிடம் திரும்பிப் போகப் பஸ் சத்தமில்லை. கையில் இருப்பதைக் கொண்டு ஏதாவது செய்தே தீர வேண்டிய காலம் அது. அதை இன்றைய வசதியில் உட்கார்ந்துகொண்டு எளிதாகப் பழிப்பவர்களோடு நான் சேரமாட்டேன்.

எங்கள் வீட்டு அமுக்கராச் சூரணம் அந்தப் பட்டியலில் இருந்ததைக் கண்டு எனக்குண்டான பெருமிதத்தை என்ன சொல்லுவது! ஊர் திரும்பியதும், அதுவரை தேறாமலே இருந்த டிரைவருக்கு அதே கிரமத்தில் மருந்து தொடங்கினேன். பாதரசத்தைச் செங்கற்பொடியும் மஞ்சட்பொடியும் இட்டு அரைத்துக் கழுவி, குப்பைமேனிச் சாற்றில் இட்டுச் சுத்தி செய்து, கந்தகத்தை நெய்யில் உருக்கிப் பாலில் சாய்த்து, ஒவ்வொன்றையும் தகப்பனார் கற்பித்தபடியே சிரத்தையோடு செய்தேன். பத்தியத்தில் மட்டும் பரம்பரையை மீறினேன். புளியும் கோழியும் மீனும் தள்ளுபடி என்பது வழக்கம். உப்பையும் தள்ளுபவர்கள் உண்டு. எலும்பும் தோலுமான ஒருவனுக்கு உப்பையும் மாமிசத்தையும் மறுப்பது மருந்தின் பெயரால் பட்டினி போடுவதாகும் என்று எனக்குத் தோன்றியது. முட்டைக்குப் பெயர்போன ஊரில் இருந்துகொண்டு, தினம் இரண்டு முட்டை உண்ணச் சொன்னேன். வாய்க்குத் திரிபலைக் கஷாயத்தால் கொப்பளிப்பும், கழிச்சலுக்குத் தயிர்ச்சுண்டிச் சூரணமும், உப்பிட்ட நொய்க்கஞ்சியும் கொடுத்தேன். கழிச்சல் நின்றது. பசி எடுத்தது. நோட்டுப் புத்தகத்தில் 46 என்றிருந்த இலக்கம் 48 ஆயிற்று, 51 ஆயிற்று, 54 ஆயிற்று. எடை இயந்திரத்தின்மேல் ஏறி நின்று முள்ளைப் பார்த்துவிட்டு, "வைத்தியருங்ணா, மறுபடி வண்டியேறலாமுங்களா?" என்று அவர் கேட்ட நாளில் நானும் அவரும் கண்கலங்கினோம். செய்தி பரவியது. கரூரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் நோயாளிகள் இரவு வேளைகளில் முக்காடிட்டு வரலானார்கள்.

அப்படி 54 கிலோவில் இருந்தபோதுதான் அவருக்குத் தலைவலி வந்தது. நீர்க்கோவை மாத்திரையை இழைத்து நெற்றியில் பற்றுப் போடச் சொன்னேன். ஒரு வாரம் சென்றது, வலி குறையவில்லை. இன்னும் ஒரு வாரம் பற்று மாறியது, தைலம் மாறியது, தலைவலி மாறவில்லை. வாந்தி எடுக்கத் தொடங்கி, கழுத்தை முன்னுக்கு வளைக்க முடியாமற்போனபின்பே, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லும் புத்தி எனக்கு வந்தது. முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்து, மூளையுறையில் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை பரவிவிட்டது என்றார்கள். ஒன்பதாம் நாள் இறந்துபோனார். ஆகாரத்தாலும் சூரணத்தாலும் சதை கூடிக்கொண்டிருந்த அதே காலத்தில், கிருமி தன் காரியத்தை உள்ளே செய்துகொண்டே இருந்திருக்கிறது; நோயை எதிர்க்கும் சிடி4 அணுக்கள் அழிந்துகொண்டே வந்திருக்கின்றன. எடை இயந்திரத்தின் முள் அதைக் காட்டாது, நாடியும் காட்டாது. வலது கையால் இலக்கங்களை ஏற்றி எழுதிக்கொண்டிருந்த நான், அந்த இலக்கங்களையே ஆரோக்கியமென்று நம்பிவிட்டேன். அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. 54க்குப் பிறகு அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது.

இந்நிலையில் வியாபாரிகள் புகுந்த கதையை விரித்துரைக்க எனக்கு மனமில்லை. ஒரு மண்டலத்தில் பாசிட்டிவை நெகட்டிவ் ஆக்கித் தருவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கில் பறித்தார்கள். நிலத்தை விற்றுக்கொடுத்து ஏமாந்தவர்கள் என் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். எய்ட்ஸைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடலாகாது என்று மருந்துச் சட்ட விதிகளின் ஜே அட்டவணை தெளிவாகத் தடுத்திருக்கிறது. சுவர்களில் விளம்பரம் எழுதியவர்களுக்கு அது தெரியாமல் இல்லை. 2007இல் ஆப்பிரிக்காவில் காம்பியா தேசத்தின் ஜனாதிபதி யாஹ்யா ஜாம்மே, தாமே மூலிகைகொண்டு இந்நோயைத் தீர்ப்பதாகப் பறைசாற்றி, நோயாளிகளைக் கூட்டு மருந்தை நிறுத்தச் செய்தார் என்று படித்தபோது, எங்கள் நெடுஞ்சாலைச் சுவர் விளம்பரமே ஒரு ராஜ்யத்தின் ஆணையாகிவிட்டால் என்ன நேரும் என்று எண்ணி நடுங்கினேன்.

இனி, டிரைவரின் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் மாண்ட மாதமே அவளுக்கும் நோய் உண்டென்று தெரிந்தது. இரண்டு பிள்ளைகள், இரண்டுக்கும் இல்லை என்று வந்தது அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல். கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைக்குப் போனாள். மாதந்தோறும் வந்து சூரணமும் லேகியமும் வாங்கிக்கொள்வாள். 2001இல் சிப்லா கம்பெனியார் கூட்டு மருந்தை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தர முன்வந்த பிறகு விலை சரிந்தது. 2004 ஏப்ரல் முதல் தேதி தொட்டு, தாம்பரம் உள்ளிட்ட சில அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அது இலவசமாகவே வழங்கப்படலாயிற்று. அந்தச் சமயத்தில் அவள் என்னிடம் வந்து கேட்டாள்: "அந்த மாத்திரைக்குப் போகட்டுங்களா, வைத்தியருங்க?"

அவள் கணவர் விஷயத்தில் அவ்வளவு அனுபவித்த பின்பும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லாத்தானே இருக்கறே அம்மிணி. அது ஆயுசு பூராவும் சாப்பிட வேணும். உடம்புச் சூடு தாங்காது. இன்னுங் கொஞ்ச நாள் பாக்கலாம்" என்று சொன்னேன். அவளுடைய சிடி4 எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவளை இழந்துவிடுவோமோ என்ற பயம் ஒருபுறமிருக்க, என் மருந்தால் அவள் நன்றாயிருக்கிறாள் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை மறுபுறம் இருந்திருக்க வேண்டும். வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

நோயுள்ள பெண்கள் கூடிச் சங்கம் அமைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சங்கத்தார் அவளை 2005இன் தொடக்கத்தில் ராத்திரிப் பஸ்ஸில் தாம்பரத்துக்கு அழைத்துப் போனார்கள். சிடி4 எண்ணிக்கை 61. இருநூறுக்குக் கீழே இறங்கினாலே மருந்து தொடங்க வேண்டும் என்பது அன்றைய விதி. மாத்திரையைப் பெற்றுக்கொண்டு வந்தவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின் மூன்றும் சேர்ந்த அந்த மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துத் தின்றுகொண்டு, மாதந்தோறும் என்னிடமும் வந்து சூரணம் வாங்கிப் போயிருக்கிறாள்! உடம்பெங்கும் செந்தடிப்பு எழும்பி, கண்ணிமை வீங்கி ஒருநாள் வந்து நின்றபோது, சொறிக்குப் பூசத் தைலம் எடுக்கப் பீரோவைத் திறந்தேன். அப்போதுதான் அவள் முந்தானை முடிச்சிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து என் மேஜையின்மேல் வைத்தாள். "கோவிச்சுக்குவீங்களோன்னுதான் சொல்லலீங்க" என்றாள்.

என் தொழில் வாழ்க்கையில் நான் கேட்ட வார்த்தைகளிலே இதைப்போல என்னைச் சுட்டது வேறொன்றில்லை. உயிரைக் காக்கும் மருந்தை ஒரு நோயாளி தன் வைத்தியனுக்கு அஞ்சி ஒளித்துவைத்திருக்கிறாள் என்றால், அந்த வைத்தியன் நோயின் பக்கம் நின்றவனாகிறான். அன்றே அவளோடு பஸ் ஏறித் தாம்பரம் போனேன். டாக்டரிடம் நான் கொடுத்துவந்த சரக்குகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் பொறுமையோடு எழுதிக்கொண்டார். நெவிராபினை நிறுத்தி வேறு மருந்து மாற்றினார்கள், செந்தடிப்பு அடங்கியது. அது அந்த மருந்தின் இயல்பாலேயே எழுந்த தடிப்பாக இருக்கலாம், பலருக்கு எழுவதுண்டு. ஆனால் இரண்டு வருஷம் கழித்து வெளியான ஓர் ஆராய்ச்சி, மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் என்ற சத்து, நெவிராபின் இரத்தத்தில் ஏறும் அளவை மிகவும் கூட்டிவிடுகிறது என்று காட்டியது. மிளகு 8, திப்பிலி 16! திண்ணையில் தாளம்போட்டு ஒப்பித்த கணக்கு அதைப் படித்த இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

அதுமுதல் என் வைத்தியசாலையில் ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. வருபவர் யாராயினும், எந்த வியாதியாயினும், வீட்டில் உண்ணும் மாத்திரைகள் அத்தனையையும் மேஜைமேல் வைக்க வேண்டும். நான் கோபிக்கமாட்டேன் என்பதை வாயால் சொல்லியே கேட்பேன். எச்.ஐ.வி. உள்ளவர்களாயின் முதலில் இரத்தம் சோதிக்கும் நம்பிக்கை மையம், பிறகு கூட்டு மருந்து வழங்கும் ஏ.ஆர்.டி. மையம், அதன்பிறகே என் பெஞ்சு. கூட்டு மருந்து உண்பவர்களுக்கு ரசம் சேர்ந்த மெழுகைக் கொடுப்பதில்லை. டெனோபோவிர் என்ற மருந்து சிறுநீரகத்தைச் சோதிக்கும்போது, பாதரசத்தையும் அதன்மேல் ஏற்றுவது பாவம். பூண்டு லேகியத்தையும் கண்டபடி கொடுப்பதில்லை. பூண்டுச் சத்து மாத்திரை, சாக்வினாவிர் என்ற மருந்தின் அளவை இரத்தத்தில் ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துவிட்டதென்று அமெரிக்காவில் கண்டறிந்திருக்கிறார்கள். இப்போது வழங்கும் டோலுடெக்ராவிர், இரும்பும் சுண்ணாம்பும் சேர்ந்த மாத்திரைகளோடு ஒரே வேளையில் விழுங்கினால் உடலில் சரியாக ஏறுவதில்லை. அவற்றுக்கு 2 மணி முன்போ 6 மணி பின்போ அதை உண்ண வேண்டும் என்கிறார்கள். அயச்செந்தூரமும் சங்கு பற்பமும் அந்த இரும்பும் சுண்ணாம்பும் தாமே! மூலிகை இயற்கையானது, ஆதலால் தீங்கற்றது என்று நம்மவர் சொல்லுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் உண்டாகிறது. தீங்கு செய்ய வல்லமையற்ற பொருளுக்கு நன்மை செய்யும் வல்லமை எங்கிருந்து வரும்?

ஆகவே மூலிகைக்கு இந்நோயில் இடமே இல்லை என்று சொல்லவருகிறேனோ என்றால், அன்று. 2005இல் காக்ரேன் என்னும் ஆராய்ச்சிக் குழுவினர், மூலிகைகளைக் கொண்டு எச்.ஐ.வி. நோயாளிகளிடம் முறைப்படி நடத்திய ஒன்பது சோதனைகளை ஒருசேர ஆராய்ந்து, பயனுண்டென்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். அந்தத் தீர்ப்பை நான் ஏற்கிறேன். அதே சமயம், தாவரங்களுக்குள் இக்கிருமியை எதிர்க்கும் பொருளே கிடையாது என்பதும் உண்மையன்று. 1987இல் போர்னியோத் தீவின் சரவாக் காட்டில், புன்னையின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் இலையையும் சுள்ளியையும் அமெரிக்க ஆராய்ச்சிக்காகக் கொண்டுபோனார்கள். அதில் காலனோலைட் என்ற பொருள் கிருமியின் பெருக்கத்தைத் தடுப்பதைச் சோதனைச்சாலையில் கண்டு, மீண்டும் தேடிக்கொண்டு வந்தபோது, அந்த மரத்தை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள்! பக்கத்து மரங்களில் அப்பொருள் போதிய அளவு கிடைக்கவில்லை. பிறகு சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் நின்ற அவ்வின மரங்களிலிருந்து கிடைத்தது. மனிதர்களுக்கும் கொடுத்துச் சோதித்தார்கள். ஆயினும் அது இன்னும் கடைக்கு வரும் மருந்தாகவில்லை. நம் கடற்கரைப் புன்னையிலும் அதன் இனமான பொருள்கள் உண்டு. அதற்காகப் புன்னையிலையைக் கஷாயமிட்டுக் குடித்தால் எய்ட்ஸ் போய்விடாது. இலையிலிருந்து மாத்திரைக்குப் போகும் வழி அத்தனை நீளமானது. அந்த வழியை நடந்துதான் கடக்க வேண்டும் என்று எங்கள் இளைஞர்களுக்குச் சொல்லுவேன்.

அந்த வழியின் இப்பக்கத்தில், எங்களைப் போன்றோருக்கு வேலை குறைவில்லை. மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் குமட்டலால் சோறு இறங்காமல் தவிப்பவருக்கு எந்த ஆகாரம் தங்கும் என்று பார்த்துச் சொல்லவேண்டும். வறண்ட தோலுக்கு எண்ணெய் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவு ஒன்பது மணிக்கு மாத்திரை என்றால் ஒன்பது மணிக்கே என்று பத்தியத்தைப்போல அதைக் கடைப்பிடிக்கச் செய்யும் ஒருவர் ஊரிலேயே வேண்டும். பத்தியம் காப்பதைப் பற்றி எங்களுக்குத் தெரியாததா? அகத்திக்கீரையையும் பாகற்காயையும் நாற்பத்தெட்டு நாள் விலக்கச் சொன்னால் விலக்குகிற ஜனங்கள், அதே வைத்தியன் வாயால் சொன்னால் ஏ.ஆர்.டி. மாத்திரையையும் தவறாமல் உண்கிறார்கள். இதை என் நோட்டுப் புத்தகத்தில் பல பெயர்களுக்கு எதிரே கண்டிருக்கிறேன்.

போன புரட்டாசியில் அந்தப் பெண்மணி வந்திருந்தாள். மகளைத் திருச்செங்கோட்டில் கட்டிக்கொடுத்து இரண்டு பேரப் பிள்ளைகள். மகன் ஒரு பாடி கட்டும் பட்டறையில் இருக்கிறான். கேட்காமலே டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, எடை இயந்திரத்தில் ஏறி இறங்கினாள். 61 கிலோ. நான் எழுதிக்கொண்டே, "என்ன அம்மிணி செய்யுது?" என்றேன்.

"முட்டிதானுங்க" என்று பெஞ்சில் அமர்ந்து, புடவையைச் சற்று ஒதுக்கி, வலது முழங்காலைக் காட்டினாள். "பஸ் படியேற முடியறதில்லீங்க. வயசாயிப்போச்சுல்லீங்க."

முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தேன். கறகறவென்ற ஒலி, லேசான வீக்கம், சூடில்லை. ஐம்பதைத் தாண்டிய எந்த அம்மாளுக்கும் வரும் வாதம். பீரோவைத் திறந்து உளுந்துத் தைலத்தை ஒரு சிறு புட்டியில் ஊற்றி, வெதுவெதுப்பாகச் சூடுபண்ணிக் காலையிலும் ராத்திரியும் தேய்க்கும்படி சொல்லி, மூடியை இறுக்கிக் கையில் கொடுத்தேன்.